கடன் தீர்ந்தது, கணக்கும் தீர்ந்தது

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவன் நீண்ட சொற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நீண்ட சொல் எதிர்ப்பட்டால் அகராதியைப் புரட்டுவான், பொருள் கிடைத்துவிடும். அவனை ஏமாற்றுபவை குறுஞ்சொற்களே. ‘கெற்’, ‘டேக்’, ‘புட்’, ‘பே’ என்னும் எளிய வினைகளை அவன் கீழ்வகுப்பிலேயே அறிந்துவிடுகிறான். ‘அப்’, ‘ஒஃப்’, ‘அவுட்’, ‘டவுன்’ என்னும் இடைச்சொற்களும் அவனுக்குப் பழக்கமானவையே. ஆனால் அவ்வினையும் இவ்விடைச்சொல்லும் கைகோத்துக்கொண்டு வரும்பொழுது முன்பின் அறியாத ஒரு புதுப்பொருள் பிறந்துவிடுகிறது. இருவரையும் தனித்தனியே அறிந்தவன், இருவரும் கூடிப் பேசுவதை விளங்கிக்கொள்ள மாட்டாமல் திகைக்கிறான்.

இவ்விடர் இன்று தோன்றியதன்று. 1755 ஆம் ஆண்டில் சாமுவேல் ஜோன்சன் தமது பேரகராதியை வெளியிட்டபோது, வினையோடு இடைச்சொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வழக்குப் பிறமொழியாளருக்குப் பெருந்தொல்லை தருவது என்று முன்னுரையிலேயே எடுத்துரைத்தார். இத்தகைய தொடர்களுக்கு ‘ஃபிரேசல் வேர்ப்’ என்ற பெயர் பரவியது பின்னரே. லோகன் பியர்சால் சிமித் என்பார் 1925 இல் வெளியிட்ட நூலில் அப்பெயரை வழங்கினார். அதனைத் தமக்குத் தந்தவர் அகராதி அறிஞர் ஹென்றி பிராட்லி என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். இக்கட்டுரையில் இவற்றைத் தொடர்வினை என்றே குறிப்பிடுவேன்.

மாத்தளையில் ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவன் நான். தொடர்வினைகள் அனைத்தையும் இங்கே பேசப் புகுந்தால் கட்டுரை பட்டியலாகிவிடும். ஆகவே ‘பே ஒஃப்’ என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் உண்டு. இம்மாவட்டத்துத் தோட்டங்களில் ஒரு குடும்பம் கூரையின்கீழ் உறங்குவதும், மூட்டைமுடிச்சுடன் தெருவில் நிற்பதும் இத்தொடரைப் பொறுத்திருந்த காலம் ஒன்று இருந்தது.

பிரிந்து போவது எது?

‘பே’ என்பதற்குக் கொடுத்தல், செலுத்துதல் என்பன இன்றைய பொருள். அதன் வேரைத் தோண்டினால் பணம் தென்படாது, அமைதிதான் தென்படும். சமாதானத்தைக் குறிக்கும் ‘பாக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லினின்றும் ‘பாக்காரே’ என்னும் வினை பிறந்தது. தணிவித்தல் என்பது அதன் பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்த இவ்வினை, கடன் கொடுத்தவனைத் தணிவிப்பது என்ற பொருளில் நின்று, மெல்ல மெல்லப் பணம் கொடுப்பது என்றாகிவிட்டது. வாயிலில் நின்று இரைபவனைக் காசு கொடுத்து அமைதிப்படுத்துவதே ‘பே’ என்க.

‘ஒஃப்’ என்பது ‘ஒவ்’ என்பதோடு ஒருதாய் வயிற்றில் பிறந்த சொல். பிரிவையும் விலகலையும் குறிப்பது. ‘கட் ஒஃப்’ என்றால் வெட்டிப் பிரித்தல்; ‘டேக் ஒஃப்’ என்றால் உடையைக் கழற்றுதல். முற்றாகப் பிரிந்த பொருளுக்கு அத்தோடு கதை முடிந்தது அன்றோ? ஆதலின் ‘ஃபினிஷ் ஒஃப்’ என்பது போன்ற இடங்களில் அது முடிவையும் உணர்த்துகிறது. பிரிவும் முடிவும் ஆகிய இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் ‘பே ஒஃப்’ என்பதன் பொருள்கள் தாமே விளங்கும்.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: பணத்தைக் கொடுத்துப் பிரித்துவிடுவது எதனை? செயப்படுபொருள் கடனாயின், பிரிந்து போவது கடன். ‘அவர் கடனை பெய்ட் ஒஃப்’ என்றால், கடைசிச் சதம் வரை கட்டி முடித்தார் என்பது பொருள். வெறுமனே ‘பெய்ட்’ என்றால் ஒரு பகுதியைக் கட்டியதாகவும் இருக்கலாம். செயப்படுபொருள் ஆளாயின், பிரிந்து போவது ஆள். வேலையாளை ‘பெய்ட் ஒஃப்’ என்றால், சேரவேண்டிய கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து வேலையினின்றும் நீக்கினார் என்பது பொருள். உண்மை அறிந்த ஒருவனை ‘பெய்ட் ஒஃப்’ என்றாலோ, காசு கொடுத்து வாயை அடைத்தார் என்று கொள்ளவேண்டும். செயப்படுபொருளே இல்லாமல், ‘அவள் உழைப்பு பெய்ட் ஒஃப்’ என்று வந்தால், உழைப்புப் பலன் தந்தது என்பது கருத்து. நான்கும் வெவ்வேறு செய்திகள்; சொல் ஒன்றே.

வழக்கைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். கடன் என்ற பெயர்ச்சொல்லை ‘ஒஃப்’ என்பதற்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ஆனால் ‘அதை’ என்று சுட்டும் ‘இட்’ வருமானால் அஃது இடையில்தான் அமரவேண்டும். ‘பே இட் ஒஃப்’ என்பதே மரபு. ‘பே ஒஃப் இட்’ என்பது வழு. உறவுச் சொற்களையும் வேறுபடுத்தி அறிதல் நன்று. ‘பே பேக்’ என்பது வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தல். ‘ரைட் ஒஃப்’ என்பது வராக்கடன் என்று ஏட்டிலிருந்து தள்ளிவிடுதல். அங்கே கடன் தீர்கிறது, கட்டுவார் ஒருவருமில்லை. ‘லே ஒஃப்’ என்பது வேலை இல்லாமையால் ஆளை நிறுத்திவைத்தல். மீண்டும் அழைக்கப்படலாம் என்ற நம்பிக்கை பெரும்பாலும் அதில் ஒட்டியிருக்கும். ‘பே ஒஃப்’ என்பதில் அந்த நம்பிக்கை இல்லை.

தமிழின் வழி

தமிழில் இவ்வசதி இல்லையோ என்று மாணவர் வினவுவதுண்டு. உண்டு, இருக்கும் இடம்தான் வேறு. ஆங்கிலம் இடைச்சொல்லால் செய்வதைத் தமிழ் துணைவினையால் செய்கிறது. கொடுத்தான், கொடுத்துவிட்டான், கொடுத்துவைத்தான், கொடுத்துத் தொலைத்தான், கொடுத்துக்கொண்டான் என்று சொல்லிப் பாருங்கள். கொடுத்தல் ஒன்றே, ஆயினும் ஒவ்வொன்றிலும் ஒரு புதிய மனநிலை, ஒரு புதிய முடிவு. கொடுத்துவைத்தவன் என்றால் நற்பேறு உடையவன் என்றாகிவிடுகிறது. ஆங்கிலேயன் ஒருவன் தமிழ் கற்க வந்தால், நம் மாணவன் ‘ஒஃப்’ என்பதற்குப் படும் பாட்டை அவன் ‘விடு’, ‘வை’, ‘தொலை’ என்பவற்றுக்குப் படுவான்.

கடனைப் பற்றித் தமிழ் பேசும் முறையும் தனிச்சிறப்புடையது. கடனை அடைக்கிறோம், அல்லது தீர்க்கிறோம். ஓட்டையை அடைப்பதும் ‘அடை’. நோய் நீங்குவதும் ‘தீர்’. ஆங்கிலம் கடனை ஒட்டிக்கொண்ட பொருளாகக் கண்டு பிரித்தெடுக்கிறது. தமிழோ கடனை ஒழுகும் ஓட்டையாகவும் உடம்பைப் பற்றிய நோயாகவும் காண்கிறது. வாயை அடைத்தல் என்பதிலும் அதே ‘அடை’ நின்று, கைக்கூலி கொடுக்கும் பொருளையும் ஏற்றுக்கொள்வது நோக்கத்தக்கது. ஆளை அனுப்பும் பொருளுக்கும் நம்மிடம் நல்ல தொடர் உண்டு. ‘கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்’ என்று ஊரில் சொல்கிறோம். கடனைத் தீர்ப்பதும் கணக்கைத் தீர்ப்பதும் ஒரே ‘தீர்’ என்னும் வினையில் சந்திக்கின்றன. ‘பே ஒஃப்’ என்பதன் இரு முகங்களையும் ஒருங்கே காட்டவல்ல தமிழ்ச்சொல் இதுவே என்பது என் கருத்து.

மாலுமியும் தொழிலாளியும்

ஆளை ‘பே ஒஃப்’ செய்வது ஆங்கிலேயரின் கப்பல் வாழ்க்கையில் வேரூன்றிய வழக்கு. பழைய நாளில் போர்க்கப்பல் மாலுமிகளுக்கு மாதந்தோறும் கூலி கைக்கு வருவதில்லை. கப்பல் பணி முடிந்து துறைமுகம் திரும்பிய பின்பே நிலுவை முழுவதும் கொடுத்து அவர்களை விடுவிப்பர். அதனால் கப்பலையே பணியினின்றும் விலக்குவதற்கும் ‘பே ஒஃப்’ என்ற பெயர் ஏற்பட்டது. இறுதிப் பயணத்தில் நீண்ட கொடி ஒன்றைப் பறக்கவிட்டு வரும் மரபும் உண்டு. அதற்குப் பெயர் ‘பேயிங் ஒஃப்’ கொடி. மாலுமிக்கு அந்நாள் திருநாள். கையில் காசு, கண்ணெதிரே கரை, கரைக்கு அப்பால் வீடு.

அதே தொடர் தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்தில் வழங்கியபோது நிலைமை தலைகீழாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியே காட்டுப்பாதையில் கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வழியில் பசிக்கும் பேதிக்கும் இரையானோர் பலர். மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது 1880 இல்தான். கோப்பி நோயால் அழிந்து, தேயிலையும் கொக்கோவும் றப்பரும் தோன்றிய பின்னரும் மக்களின் குடியிருப்பு மாறவில்லை, லயத்து அறைதான். அந்த அறையோ தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரை அறை. வேலை போனால் அறையும் போகும். மாலுமி ‘பே ஒஃப்’ ஆனபோது வீட்டுக்குச் சென்றான். தோட்டத் தொழிலாளி ‘பே ஒஃப்’ ஆனபோது வீட்டை இழந்தான். ‘ஒஃப்’ என்னும் அச்சிறு சொல், வேலையோடு கூரையையும் சேர்த்தே பிரித்தது.

துண்டு என்னும் கடுதாசி

‘பே ஒஃப்’ என்பதன் இரு பொருள்களும் ஒரே காகிதத்தில் சந்தித்த விந்தையும் இங்கே நிகழ்ந்தது. அக்காகிதத்துக்குத் தோட்டத் தமிழில் ‘துண்டு’ என்று பெயர். துரைமாரும் அச்சொல்லை அப்படியே தம் ஆங்கிலத்தில் எடுத்தாண்டனர்.

ஆள் திரட்டி வரப் பெரிய கங்காணிக்குத் தோட்டம் முற்பணம் கொடுக்கும். வழிச்செலவு, சோறு, துணி என்று அந்த முற்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக இறங்கும். கங்காணி தோட்டத்துக்குக் கடனாளி. தொழிலாளி கங்காணிக்குக் கடனாளி. 1865 ஆம் ஆண்டின் தொழிற்சட்டப்படி முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்குவது தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. இந்நிலையில் கங்காணி வேறு தோட்டத்துக்குத் தன் ஆட்களுடன் செல்ல விரும்பினால், துரையிடம் துண்டு கேட்பான். இன்ன தொகையைக் கொடுத்தால் இக்கூட்டத்தை விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுப்பதே துண்டு. புதுத் தோட்டத்துத் துரை அத்தொகையைப் பழைய தோட்டத்துக்குச் செலுத்துவார். கடன் ‘பே ஒஃப்’. உடனே ஆட்களும் ‘பே ஒஃப்’. முதற்பொருள் நிறைவேறினால்தான் இரண்டாம் பொருள் நிறைவேறும்.

ஆனால் கடன் உண்மையில் தீர்ந்ததா? பழைய துரையின் ஏட்டில் தீர்ந்தது. புதுத் துரையின் ஏட்டில் அதே கடன் மறுநாளே எழுதப்பட்டது. துண்டைக் காட்டிக் கங்காணி மேலும் முற்பணம் பெற்றால், கடன் வளர்ந்தும் விடும். தொழிலாளி மலை ஏறி மலை இறங்கினான்; அவன் முதுகிலிருந்த பாரம் இறங்கவில்லை. இலக்கணத்தில் யார் எதைத் தீர்த்தார் என்று எழுவாயைத் தேடச் சொல்கிறோமே, அது வெறும் பரீட்சை வினா அன்று. ‘கடன் தீர்க்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வாக்கியத்தில் ‘யாருக்கு’ என்பதைக் கேளாவிட்டால், ஏட்டுக் கணக்கு உண்மைக் கணக்காகத் தோன்றிவிடும். துண்டு முறையை 1921 ஆம் ஆண்டில் சட்டம் ஒழித்தது.

பற்றுச்சீட்டு

சில ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்ப்புப் பாடத்தின்போது நான் கரும்பலகையில் ஓர் ஆங்கில வாக்கியம் எழுதினேன். ‘தோட்டம் விற்கப்பட்டதும் தொழிலாளரில் பாதிப்பேர் பெய்ட் ஒஃப்’ என்பது அதன் கருத்து. வகுப்பில் பெரும்பாலோர், ‘பாதித் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது’ என்று எழுதினர். எல்கடுவைப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் எழுதாமல் இருந்தாள். ஏன் என்றேன்.

“சேர், சம்பளம் குடுக்கிறதுக்குத் தோட்டத்தை ஏன் விக்கணும்? இது பத்துச்சீட்டு. எங்க அப்பாயி சொல்லுவாங்க” என்றாள்.

வகுப்பு அடங்கியது. நான் விளக்க நினைத்த அனைத்தையும் ஒரு சொல்லில் அவள் விளக்கிவிட்டாள். ‘பற்றுச்சீட்டு’ என்பதன் தோட்டத்து உச்சரிப்பே ‘பத்துச்சீட்டு’. மாத்தளைக் கடைத்தெருவில் பற்றுச்சீட்டு என்றால் பணம் செலுத்தியதற்கு அத்தாட்சி. தோட்டத்திலோ அது வேலையினின்றும் விலக்கப்பட்டதற்கு அத்தாட்சி. பத்துச்சீட்டுக் கிடைத்தது என்றால் அடுப்பைக் கலைக்கவேண்டும் என்று பொருள். ஆங்கிலத் தொடரின் இரு முகங்களும் இந்தத் தமிழ்ச்சொல்லில் ஒளிந்திருப்பதைக் காண்கிறோம். எழுத்தறியாதோர் என்று கருதப்பட்ட மக்கள், துரையின் மொழிக்கு ஈடான மொழிபெயர்ப்பைத் தம் பட்டறிவிலிருந்தே ஆக்கி வைத்திருந்தனர்.

‘சம்பளம் கொடுக்கப்பட்டது’ என்ற மொழிபெயர்ப்பை இலக்கண வழு என்று மட்டும் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. பாதிக் குடும்பங்கள் லயத்தை விட்டுப் போன துயரத்தை, அவை சம்பளம் வாங்கிய மகிழ்ச்சியாக அவ்வாக்கியம் மாற்றிவிடுகிறது. ‘ஒஃப்’ என்னும் ஓர் எழுத்துச் சேர்க்கையைக் கவனியாமையால், ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாறே தலைகீழாகிவிடுகிறது.

காரணம் சொல்லாத சொல்

இன்னொரு நுட்பமும் உண்டு. ‘பே ஒஃப்’ என்ற தொடர், ஆள் விலகியதைச் சொல்லும். ஏன் விலகினான் என்பதைச் சொல்லாது. குற்றம் செய்து நீக்கப்பட்டானா, தோட்டத்தில் வேலை குறைந்ததா, சங்கத்தில் சேர்ந்தது துரைக்குப் பிடிக்கவில்லையா, தானே விரும்பிப் போனானா? அனைத்துக்கும் ஒரே தொடர் போதும். சொல்லில் உள்ள மென்மை காரணத்தை மூடிவிடுகிறது.

சட்டமோ அம்மூடியைத் திறக்கச் சொல்கிறது. 1957 ஆம் ஆண்டில் கைத்தொழிற் பிணக்குச் சட்டம் திருத்தப்பட்டு, வேலை நீக்கப்பட்டவர் முறையிடுவதற்குத் தொழில் நியாய சபைகள் ஏற்பட்டன. 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்தால் ஒருவரை நீக்குவதற்கு அவருடைய எழுத்துமூல உடன்பாடோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்றது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், ஐந்தாண்டுச் சேவை நிறைந்தவருக்குப் பணிக்கொடையை உரிமையாக்கியது. இச்சட்டங்களின் முன் ‘பே ஒஃப்’ என்ற பொதுச்சொல் செல்லாது. நீக்கம் வேறு, குறைப்பு வேறு, விலகல் வேறு. ஒவ்வொன்றுக்கும் உரிமை வேறு. தாயோ தந்தையோ பெற்ற ஆங்கிலக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பொருள் கேட்க வரும் மாணவரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்களுக்கு இவ்வேறுபாடு, மதிப்பெண் பற்றியதன்று. மாதச் சோறு பற்றியது.

தனி ஆளுக்கு மட்டுமன்றி ஒரு சமூகத்துக்கே கணக்குத் தீர்க்கப்பட்டதும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மாத்தளைத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் பெற்றுக்கொண்டு, தலைமன்னாருக்குப் புறப்பட்டன. பாட்டன் நடந்து வந்த திசையிலேயே பேரன் புகைவண்டியில் திரும்பினான். கணக்குத் தீர்ந்தது என்று ஏடு சொல்லிற்று. மலையைக் கோப்பியாகவும் தேயிலையாகவும் மாற்றிய கைகளுக்கு அக்கணக்கு உண்மையிலேயே தீர்ந்ததா என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கவேண்டும். இங்கே தங்கியவர்களில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டில் நிறைவேறியது.

ஆசிரியருக்கு ஒரு சொல்

தொடர்வினைகளைப் பட்டியல் போட்டு நெட்டுருச் செய்விக்கும் வழக்கம் நம் பாடசாலைகளில் நீடிக்கிறது. இருநூறு தொடர், இருநூறு பொருள், பரீட்சை முடிந்ததும் இருநூறும் மறதி. இதனால் பயனில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு தொடர் போதும். அதன் வினை எங்கிருந்து வந்தது, இடைச்சொல் எதைப் பிரிக்கிறது அல்லது முடிக்கிறது, செயப்படுபொருள் மாறினால் பொருள் எப்படி மாறுகிறது என்று மூன்று கேள்விகளைக் கேட்பிக்கலாம். நான்காவதாக, இதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல் வழங்குகிறது என்று கேளுங்கள். றத்தோட்டைக்காரப் பிள்ளையிடம் ஒரு சொல் இருக்கும். உக்குவளைப் பிள்ளையிடம் வேறொன்று இருக்கும். பெரட்டுக்களமும் அரைப்பேரும் பத்துச்சீட்டும் வகுப்பறைக்குள் வரட்டும். அவற்றைக் கொச்சை என்று வாயிலில் நிறுத்துவது, பொருள் விளங்குவதற்கு உள்ள நேர்வழியை நாமே அடைப்பதாகும்.

‘பே ஒஃப்’ என்பதற்கு நான்காவதாக ஒரு நற்பொருள் உண்டென்று மேலே கூறினேன்: உழைப்புப் பலன் தருதல். முதல் மூன்று பொருள்களிலும் ஒருவர் கொடுக்கிறார், ஒன்று போகிறது. இதில் மட்டும் எதுவும் பிரிந்து போவதில்லை. உழைத்தவரிடமே உழைப்பின் பயன் வந்து சேர்கிறது. தோட்டத்து ஏடுகளில் முதற்பொருளும் இரண்டாம் பொருளும் நிறைய எழுதப்பட்டுவிட்டன. இந்த நற்பொருளில் எழுதுவதற்கு வாக்கியங்கள் இன்னும் பல மீதமிருக்கின்றன. அவற்றைத் தாமே எழுதும் அளவுக்கு நம் மாணவர்க்கு மொழியைக் கொடுப்பது ஆசிரியர் கடன்.